ஊரார் விடாத படகு

கொழும்பு ஹெவ்லொக் டவுனிலிருந்து மேற்கு நோக்கி நடக்கத் தொடங்கும் ஒருவர், காலி வீதியைக் கடந்து, கரையோரப் புகையிரதப் பாதையையும் கடந்து விட்டால், அதற்கப்பால் அவர் எதிரே இருப்பது கடல் ஒன்றே. வெள்ளவத்தை மக்களுக்கு அது மாலை வேளையில் காற்று வாங்கும் இடம். மாசி, பங்குனித் திங்களில் குளத்து நீர்போல் கிடக்கும் அக்கடல், வைகாசி பிறந்து சோழகக் காற்று எழுந்ததும் வேறொரு கடலாகி விடுகின்றது. கரையை அடுத்த பாறைகளின்மேல் அலை மோதி உடைகின்றது. பாறைகளின் இடைவெளிகளூடே நீர் வேகமாக வெளியே இழுத்துச் செல்கின்றது. அப்பொழுது அக்கடலிலே ஒருவர் சிக்கிக் கொண்டால், அவரைக் கொண்டுவரப் போக வேண்டியவர் யார்? அது பொலிசாரின் வேலையா? மீனவரின் வேலையா? கரையில் நிற்கும் யாவருக்கும் உரியதா, அன்றி எவருக்கும் உரியதன்றா?

இக்கேள்விக்கு வெள்ளவத்தைக் கரையிலேயே சிலர் விடை கண்டனர். 1941ஆம் ஆண்டில், உலகப் போர் கிழக்கு நோக்கிப் பரவிக் கொண்டிருந்த வேளையிலே, அக்கரையில் நீந்தி வந்தவர்கள் கின்ரோஸ் நீச்சல் உயிர்காப்புக் கழகம் என்ற பெயரில் ஓர் அமைப்பை நிறுவிக் கொண்டனர். ஆறு ஆண்டுகளின் பின்னர், 1947இல், நாடு முழுவதற்குமான உயிர்காப்புச் சங்கமும் தோன்றியது. ஊதியம் பெறாமல், தம் ஓய்வு நேரத்தைக் கொடுத்துக் கரையைக் காப்பது என்பதே இத்தகைய கழகங்களின் கொள்கை. அலையில் நீந்தவும், மூழ்குபவர் தம்மைப் பற்றி இழுத்து விடாதவாறு அவரைப் பிடித்துக் கொணரவும், கரை சேர்ந்த பின் நின்றுபோன மூச்சை மீட்கவும் பயில்வது அவர்தம் பாடத்திட்டம். இந்த மூன்றாவது பாடம் இடையிலே முற்றும் மாறிவிட்டது என்பதைக் குறிப்பிட வேண்டும். முற்காலத்தில் மூழ்கியவரைக் குப்புறக் கிடத்தி முதுகை அழுத்தினர். 1960ஆம் ஆண்டை ஒட்டியே, வாயோடு வாய் வைத்து மூச்சை ஊதுவதும் மார்பை அழுத்துவதும் மேலான முறைகள் என்று உலகெங்கும் ஒப்புக் கொள்ளப்பட்டன.

ஆயினும் நீந்துபவனின் கை எட்டும் தூரம் சிறிது. கரையிலிருந்து ஒரு மைலுக்கு அப்பால், புயலிரவில், மணற்றிட்டில் ஏறி உடைந்து கொண்டிருக்கும் கப்பலை எந்த நீச்சல் வீரனும் அடைய முடியாது. அங்கே போக ஒரு படகு வேண்டும். அப்படகு அலையில் கவிழாததாக இருத்தல் வேண்டும். நள்ளிரவிலும் புறப்பட ஆயத்தமாக இருத்தல் வேண்டும். அதனைச் செலுத்துவோர் அந்தக் கரையின் ஒவ்வொரு திட்டையும் ஒவ்வொரு நீரோட்டத்தையும் அறிந்தவராக இருத்தல் வேண்டும். இவையெல்லாம் ஓரிடத்தில் கூடியிருப்பதையே உயிர்காப்புப் படகு நிலையம் என்கின்றோம்.

தமிழர் கரையிலே இதற்கு மிக அணித்தான ஒன்று இருந்தது. சென்னைத் துறைமுகம் கட்டப்படுவதற்கு முன்னர், அங்கு வரும் கப்பல்கள் கரையை அண்ட இயலாமல் தொலைவிலேயே நங்கூரமிட்டு நின்றன. பயணிகளும் பொதிகளும் மசூலாப் படகுகளில் ஏறிக் கரையோரத்துப் பேரலைகளைக் கடக்க வேண்டியிருந்தது. ஆணி அடியாது கயிற்றினால் பலகைகளைத் தைத்துச் செய்யப்பட்ட படகுகள் அவை. ஆணி அடித்த படகு பிளந்து போகும் அலையில், தைத்த படகு நெளிந்து கொடுத்துத் தப்பியது. கடல் பொங்கிய நாட்களில் கட்டுமரக்காரர் அப்படகுகளோடு உடன் சென்று, படகு கவிழ்ந்தால் பயணிகளை அள்ளி எடுத்தனர். அவ்வாறு உயிர் காத்தவர்க்குப் பதக்கம் வழங்கும் வழக்கமும் இருந்தது எனப் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பயணிகள் எழுதி வைத்திருக்கின்றனர். கட்டுமரம் என்னும் நம் சொல் ஆங்கிலத்தில் ஏறி இன்று உலகமெங்கும் வழங்குகின்றது. அதன்மேல் நின்று உயிர் காத்தவர் பெயர்களோ நமக்குக் கிடைக்கவில்லை. துறைமுகம் எழுந்தது, அலையைக் கடக்கும் தேவை நீங்கியது, அத்தொழிலும் மறைந்தது. அது துறையோடு பிறந்து துறையோடு முடிந்த ஏற்பாடு. ஓர் ஊர் தன் கடமையாக ஏற்று, தலைமுறை தலைமுறையாக நடத்திய நிலையத்தின் வரலாற்றை அறிய, இங்கிலாந்தின் கரைக்குத்தான் போக வேண்டியிருக்கின்றது.

1789ஆம் ஆண்டு, வட இங்கிலாந்தில் டைன் ஆற்றின் முகத்துவாரத்தில் அட்வென்சர் என்னும் கப்பல் தரைதட்டியது. கரையிலே பெருங்கூட்டம் நின்றது. கப்பலிலிருந்தோர் ஒருவர்பின் ஒருவராக அலையில் விழுந்து மாள்வதைக் கண்ணாற் கண்டும் ஒன்றும் செய்ய இயலவில்லை. அக்காட்சி அவ்வூராரை உறுத்தியது. தக்க படகொன்றை அமைப்பவர்க்குப் பரிசு என்று அறிவித்தனர். அதன் பயனாகவே 1790இல் ஹென்றி கிரேற்ஹெட் கட்டிய படகு கடலில் இறங்கியது. பின்னர் 1824ஆம் ஆண்டு மார்ச் 4ஆம் நாள், சேர் வில்லியம் ஹிலரி என்பவரின் முயற்சியால், கடலில் உயிர்காக்கும் தேசிய நிறுவனம் லண்டனிலே உருவாயிற்று. ஹிலரி எழுதியும் பேசியும் நின்றுவிட்டவர் அல்லர். மான் தீவில் வாழ்ந்த அவர், அறுபது வயதை எட்டும் நிலையிலும் தாமே படகேறிச் சென்றார். 1830இல் சென் ஜோர்ஜ் என்னும் கப்பலை நாடிப் போனபோது கடலில் வீசப்பட்டு விலாவெலும்புகள் முறிந்தன. ஆயினும் அக்கப்பலிலிருந்தோர் யாவரும் பிழைத்தனர்.

அந்நிறுவனம் அரசாங்கத்தின் திணைக்களம் அன்று. மக்கள் தரும் நன்கொடையால் நடப்பது. உலகிலேயே பெரிய கடற்படையை வைத்திருந்த அரசு, தன் கரையில் மாள்வோரைக் காக்கும் வேலையைத் தருமப் பணத்துக்கு விட்டது ஏன் என்று நேயர்கள் கேட்கலாம். என் கருத்தில் விடை எளிது. பெருங்கப்பல்கள் நடுக்கடலுக்கு உரியவை. கப்பல்கள் உடைவதோ கரையருகே, ஆழமற்ற நீரில், உள்ளூரார் அன்றி எவரும் வழி அறியாத இடங்களில்.

அத்தகைய இடங்களில் ஒன்று நோர்போக் மாகாணத்துக் கேய்ஸ்டர். கிரேற் யாமத் துறைமுகத்துக்குச் சற்று வடக்கே, வடகடலை நோக்கிய சிற்றூர் அது. அதன் எதிரே நீருக்கடியில் பல மணற்றிட்டுகள் கிடக்கின்றன. அவை ஓரிடத்தில் நிலைத்து நிற்பனவும் அல்ல; புயலுக்குப் புயல் இடம் மாறுவன. வடக்கேயிருந்து நிலக்கரி ஏற்றி லண்டன் செல்லும் பாய்க்கப்பல்கள் யாவும் இத்திட்டுகளின் ஊடாகவே போக வேண்டியிருந்தன. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே கேய்ஸ்டர்க் கரைமக்கள் ஒரு கூட்டாகச் சேர்ந்து, மணல்மேட்டில் காவல் மேடை அமைத்துக் கடலை நோக்கியிருந்தனர். தரைதட்டிய கப்பலை மீட்டுக் கொடுத்தால் அதன் மதிப்பில் ஒரு பங்கு கிடைக்கும். அதனைக் கூட்டாளிகள் பகிர்ந்து கொள்வர்.

இவ்விடத்தில் உண்மையை மறைத்தல் தகாது. கேய்ஸ்டர் மக்கள் முதன்முதலில் கடலேறியது பொருள் கருதியே. அக்காலச் சட்டமும் அதற்கேற்பவே இருந்தது. சரக்கையும் கப்பலையும் காத்தவனுக்குப் பங்கு உண்டு. மாலுமியின் உயிரை மட்டும் காத்தவனுக்குக் கோரும் உரிமை ஒன்றும் இல்லை. ஆயினும் அதே மனிதர், அதே கைகள், 1845இல் நோர்போக் சங்கமொன்று அங்கு உயிர்காப்புப் படகை வைத்தபோது அதனைச் செலுத்த முன்வந்தனர். 1857இல் அந்நிலையம் தேசிய நிறுவனத்தின் கீழ் வந்தது. கடலுக்குப் போய்வரும் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு சிறு தொகை கொடுக்கப்பட்டது. மாதச் சம்பளம் என்பது இல்லை. பொருளுக்காகக் கற்ற கடலறிவு உயிருக்காகப் பயன்பட்ட கதை இது. அவர்களைத் தொடக்கத்திலிருந்தே துறவிகள்போல் வருணிக்கும் நூல்களை நான் அத்துணை நம்புவதில்லை.

படகை இறக்குவதே ஒரு பெரும்பாடு. அங்கு துறையுமில்லை, ஓடையுமில்லை, வெறும் மணற்கரை. மரச்சட்டங்களை வரிசையாக இட்டு, அவற்றின்மேல் படகை ஊரார் தள்ளிக் கொண்டு போவர். அலையின் வாயில் படகு இறங்கியதும், முன்னரே கடலில் நங்கூரமிட்டு வைத்த வடத்தைப் படகிலுள்ளோர் பற்றி இழுத்து, அலை உடையும் எல்லையைத் தாண்டுவர். அதன் பின்னரே பாய் விரிக்கலாம். காற்று கரையை நோக்கி அடித்தால் இவ்வேலைக்கு மணிக்கணக்கில் ஆவதும் உண்டு. படகின் சுக்கானைப் பிடிப்பவனை, நம் வல்வெட்டித்துறையார் சொல்லும் சொல்லால், தண்டையல் எனலாம். அவன் சொல்லே படகில் சட்டம்.

1901ஆம் ஆண்டு நவெம்பர் 13ஆம் நாள் இரவு கடும் புயல். மணற்றிட்டுப் பக்கமிருந்து ஆபத்து அறிகுறி தெரிந்தது. பீச்சம் என்னும் பெயருடைய படகை இறக்க முயன்றனர். அலை அதனைத் திருப்பி எறிந்தது. மீண்டும் முயன்றனர். பல மணி நேரப் போராட்டத்தின் பின், நள்ளிரவு கடந்து, 12 பேருடன் படகு புறப்பட்டது. இறக்க உதவியோர் நனைந்த உடையோடு வீடு திரும்பத் தொடங்கினர். சிறிது நேரத்தில் கரையருகே கூக்குரல் கேட்டது. காற்றை எதிர்த்துத் திரும்ப இயலாமல் பீச்சம் கரையை நோக்கித் தள்ளப்பட்டு, அணியம் மணலில் மோதக் கவிழ்ந்து கிடந்தது. உள்ளிருந்தோர் அதன் அடியில்.

ஜேம்ஸ் ஹெய்லெற் என்னும் முதியவர், பல்லாண்டு அப்படகில் துணைத் தண்டையலாக இருந்து ஓய்வு பெற்றவர். அப்போது வயது 78. அன்று முழுவதும் கரையிலேயே நின்றவர். அவர் தம் பேரன் ஒருவனுடன் அலையினுள் ஓடினார். தம் மருமகனை இழுத்தெடுத்தார். மறுபடியும் உட்சென்று வேறொரு பேரனை மீட்டார். தப்பியவர் மொத்தம் மூவர். மாண்டவர் 9 பேர். அவ்வொன்பதின்மரில் ஹெய்லெற்றின் இரு மைந்தரும் ஒரு பேரனும் இருந்தனர்.

அவர்கள் தேடிப்போன பட்டர்கப் என்னும் மீன்பிடிக் கலமோ, தானே திட்டிலிருந்து விடுபட்டுத் தப்பிவிட்டது.

மரண விசாரணையிலே, படகினர் முயற்சியைக் கைவிட்டுத் திரும்பினரோ என்ற ஐயம் எழுப்பப்பட்டது. முதியவர் ஹெய்லெற் அதனை மறுத்தார். விடியும் வரையிலும் அவர்கள் முயன்றிருப்பர் என்றும், திரும்பி வருதல் தங்கள் முறைக்கு ஒவ்வாதது என்றும் கூறினார். செய்தித்தாள்கள் அக்கூற்றைச் சுருக்கி, கேய்ஸ்டர் மாந்தர் திரும்புவதில்லை என்ற பொருளில் ஒரு வீர முழக்கமாக்கி விட்டன. அது கல்லிலும் பொறிக்கப்பட்டது. ஊரிலுள்ள மதுச்சாலை ஒன்றுக்கும் பெயராயிற்று. ஆனால் அவர் சொன்னதைச் சற்று நிதானித்து நோக்கினால், அங்கே முழக்கம் எதுவும் இல்லை. பிள்ளைகளைப் புதைத்த ஒரு தகப்பன், அவர்கள் தம் வேலையை முறைப்படியே செய்தனர் என்று அதிகாரிகளுக்கு எடுத்துரைத்தார், அவ்வளவே. ஏழாம் எட்வர்ட் மன்னர் சன்றிங்கம் மாளிகையில் தம் கையாலேயே அவருக்குப் பொற்பதக்கம் அணிவித்தார். நிலையமும் மூடப்படவில்லை. மாண்டவரின் இடங்களுக்கு ஊரிலிருந்தே ஆட்கள் வந்தனர்.

பாயும் துடுப்பும் போய் இயந்திரப் படகு வந்தது. 1969ஆம் ஆண்டு வரையில் கேய்ஸ்டர்ப் படகுகள் 1,800க்கு மேற்பட்ட உயிர்களைக் காத்திருந்தன. அவ்வாண்டு ஒக்டோபர் மாதத்தில் தேசிய நிறுவனம் அந்நிலையத்தை மூடிவிட்டது.

இதற்காக நிறுவனத்தைத் தூற்றுவது நீதியாகாது. 1967இல், அண்டையிலுள்ள கோர்ல்ஸ்டன் துறைக்கு உருக்கினாலான புதிய வேகப்படகு வந்திருந்தது. மணிக்கு ஏறத்தாழ 14 கடல்மைல் செல்லக் கூடியது. கேய்ஸ்டரிலிருந்த படகோ எட்டு அளவிலேயே செல்லும். அருகருகே இரு நிலையங்களுக்குத் தருமப் பணத்தைச் செலவிடுதல் முறையா? பிரித்தானியாவின் கரை முழுவதற்கும் பொறுப்பான ஒரு பணிமனை வரைபடத்தை விரித்து வைத்துக் கொண்டு இவ்வாறு கணக்கிடுவது இயல்பே. அக்கணக்கில் பிழை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஊராரின் கணக்கு வேறாயிருந்தது. அவர்கள் வேகத்தை எண்ணவில்லை. முதற் கால் மணி நேரத்தை எண்ணினர். கேய்ஸ்டரின் முன்னாலுள்ள திட்டில் ஒரு சிறு படகு கவிழ்ந்தாலும், காற்று மெத்தையில் மிதந்த பிள்ளையொன்று வெளியே இழுபட்டாலும், அடுத்த துறையிலிருந்து எவ்வளவு விரைந்து வந்தாலும் வந்து சேரும்போது காலம் கடந்திருக்கலாம். கரையிலேயே ஒரு படகு கிடந்தால், அது மெதுவானதாயினும், முதலில் சென்றடையும். இன்னொன்றும் உண்டு: திட்டின் இடமாற்றத்தை நாள்தோறும் காண்பவன் கேய்ஸ்டரிலேயே இருக்கின்றான். இந்த அறிவு வரைபடத்தில் ஏறுவதற்குள் திட்டு மறுபடியும் நகர்ந்து விடும்.

தண்டையல் ஜாக் வூட்ஹவுஸ், ஊரார் வாயில் 'ஸ்கிப்பர்' என்றே வழங்கியவர், விடவில்லை. படகினரும் ஊராரும் சேர்ந்து தொண்டர் மீட்புச் சேவை ஒன்றை நிறுவினர். நிறுவனத்தின் படகு போய்விட்டது. ஆதலின் ஒரு சிறு வள்ளத்தைக் கொண்டு தொடங்கினர். பணத்துக்கு வீடுவீடாகச் சென்றனர். 1906ஆம் ஆண்டிலேயே விடுமுறை முகாம் ஏற்பட்ட கரை அது. கோடையில் குளிக்க வருவோர் உண்டியலிலிட்ட நாணயங்களும் உதவின. 1973இல், நிறுவனம் பயன்படுத்திக் கழித்துவிட்ட உயிர்காப்புப் படகு ஒன்றை வாங்கினர். கழித்த படகை ஊரார் துடைத்துச் செப்பனிட்டு, அதே மணலிலிருந்து அதே கடலில் இறக்கினர்.

1991இல் புதிய படகே வந்தது. அம்மாகாணத்தில் வான்கோழிப் பண்ணைகளால் செல்வரான பேர்னாட் மத்தியூஸ் பெருந்தொகை உதவியமையால் படகு அவர் பெயரைத் தாங்கியது. 2004இல் அதனினும் விரைவான, ஒல்லாந்தர் தம் ஆழமற்ற மணற்கரைகளுக்கென வகுத்த மாதிரியில் அமைந்த படகு அதன் இடத்தைப் பெற்றது. தன் கடலைப் போன்ற கடல் எங்குள்ளது என்று தேடி, அங்கு வழங்கும் படகைத் தெரிந்தெடுத்த இந்த அறிவை நான் மிகவும் மெச்சுகின்றேன். இன்றும் கேய்ஸ்டர் நிலையம் தேசிய நிறுவனத்தைச் சேராது தனித்தே நடக்கின்றது. ஆயினும் இரு பகுதியாருக்கும் பகை எதுவும் இல்லை. கரையோரக் காவல்படையினர் அழைக்கும்போது இருவரும் ஒரே கடலில் சேர்ந்து வேலை செய்கின்றனர்.

நம் நாட்டின் நிலையைச் சிறிது பார்ப்போம். 2009ஆம் ஆண்டின் சட்டத்தின் வழியாகக் கரையோரக் காவல் திணைக்களம் அமைந்தது. அடுத்த ஆண்டில் அது பணியைத் தொடங்கியது. மக்கள் திரளும் கடற்கரைகளில் உயிர்காப்போரை நிறுத்துவதும் இன்று அதன் பணிகளில் ஒன்று. தொண்டர் சங்கமும் பயிற்சி அளித்து வருகின்றது. இவை பெரிய முன்னேற்றங்களே. ஆனால் கேய்ஸ்டரார் எழுப்பிய அந்தக் கால் மணி நேரக் கேள்வி இங்கும் அப்படியே நிற்கின்றது. இரவில் பருத்தித்துறைக்கோ நீர்கொழும்புக்கோ அப்பால் ஒரு வள்ளம் கவிழுமாயின், முதலில் அதன் அருகே செல்லக் கூடியது அண்மையில் வலை விரித்திருக்கும் இன்னொரு வள்ளம். அவ்வள்ளத்தில் ஒரு மிதவைச் சட்டையும், ஒரு நீண்ட கயிறும், செய்தி சொல்லும் கருவியும் உளவா என்பதே முதற் கேள்வி.

கரையில் நிற்போருக்கும் இதே கணக்குத்தான். கடலுக்கு அரை மைலுக்குள் வளர்ந்தும் நீந்தத் தெரியாத பிள்ளைகள் எங்கள் வகுப்பறைகளில் நிரம்பியிருக்கின்றனர். அவர்களுக்கு நான் சொல்வது இது. நீரோட்டம் வெளியே இழுத்தால் அதனை எதிர்த்துக் கரையை நோக்கி நீந்தாதீர்கள், களைத்துப் போவீர்கள். அந்த இழுவை பெரும்பாலும் அகலத்தில் சிறியது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து அதனை விட்டு வெளியேறுங்கள். நீந்த இயலாவிடின் மல்லாந்து மிதந்து கையை உயர்த்துங்கள். இன்னொருவர் இழுபடுவதைக் கண்டால், உடனே பாய்ந்து விடாதீர்கள். மூழ்குபவரைக் காக்கப் பாய்ந்தவரும் சேர்ந்து மூழ்கிய செய்திகள் ஆண்டுதோறும் பத்திரிகைகளில் வருகின்றன. வெற்றுப் பிளாஸ்டிக் கலன், பந்து, கயிறு, சேலை, எது கைக்கு எட்டுகின்றதோ அதனை முதலில் எறியுங்கள். ஒருவரை உதவி அழைக்க ஓட விடுங்கள். மூழ்குபவர் மிதக்கும் இடத்திலிருந்து உங்கள் கண் அகலாதிருக்கட்டும். அலைக்கு நடுவே ஒரு தலை மறைந்து விட்டால், உதவிக்கு வருவோர்க்கு அவ்விடத்தைச் சுட்டிக் காட்டக் கரையில் ஒருவராவது வேண்டும்.